குழாய் இருந்தால் போதுமா?

கீழடிப் பானை ஓடுகளின் உட்பக்கக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். 2,600 ஆண்டுகளாகப் பூச்சு உதிராமல் நிற்பதற்கு அந்தக் குழாய்களின் வலிமையே காரணம் என்று பலரும் உடனே முடிவுகட்டினார்கள். எஃகைப் போல ஐந்து மடங்கு விறைப்பு கொண்ட பொருள் என்பதால் இந்த முடிவு இயல்பாகத் தோன்றும். ஆனால் குழாய் இருப்பது வேறு, அது சுமையைத் தாங்குவது வேறு. மண்சுவரில் கலந்த வைக்கோலை மண் இறுகப் பற்றாவிட்டால், சுவர் விரிசல் விடும்போது வைக்கோல் அறுந்து போவதில்லை, உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. எபாக்சி போன்ற பாலிமரில் நானோகுழாய் கலக்கும்போதும் இதே சிக்கல்தான்.

இழுவை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். மொத்தத் துண்டும் எவ்வளவு தாங்கியது என்பதை இயந்திரம் சொல்லும். உள்ளே குழாய் பங்கெடுத்ததா என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் 1928இல் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் உதவுகிறது. லேசர் ஒளி பட்டதும் கார்பன் பிணைப்புகள் தமக்கே உரிய அதிர்வெண்களைச் சிதறிய ஒளியில் பதிக்கின்றன. குழாய் நீண்டால் பிணைப்புகள் தளர்ந்து, நிறமாலை முகடு குறைந்த அதிர்வெண் பக்கம் நகரும்; அமுக்கினால் எதிர்ப்பக்கம் போகும். 1998இல் லிண்டா ஷாட்லரும் கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயனும் உள்ளிட்ட குழுவினர், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்ட குழாய்களை எபாக்சியில் கலந்து சோதித்தார்கள். அமுக்கியபோது முகடு நன்றாக நகர்ந்தது. இழுத்தபோது அவ்வளவாக அசையவில்லை. இழுக்கும்போது வெளிச்சுவர் மட்டுமே சுமையை ஏற்கிறது, உட்சுவர்கள் நழுவிவிடுகின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். விலையுயர்ந்த குழாயின் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது என்பதே இதன் பொருள்! லேசரின் சூடும் முகட்டை நகர்த்துமே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் ஒளியின் திறனைக் குறைத்து வைத்து அளக்கிறார்கள். லேசர் மேற்பரப்பை ஒட்டிய பகுதியைத்தான் பார்க்கிறது என்ற குறை மட்டும் அப்படியே நிற்கிறது.

கீழடிப் பூச்சு பாலிமர் அல்ல. பானையைச் சுடும் வெப்பத்தில் தாவரச் சாறு கரியாகி, குழாய்கள் தற்செயலாக உருவாகியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்தும். ஆகவே அதன் ஆயுளுக்குக் குழாயே காரணம் என்று சொல்ல, பற்றுதல் இருப்பதைக் காட்டும் சான்று வேண்டும். புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறை 2023இல் அகழாய்வைத் தொடங்கியது. அங்கே கிடைக்கும் கருப்பு-சிவப்பு ஓடுகளையும், உடைக்காமலே, இந்த லேசரில் சோதித்துப் பார்க்கலாம். குழாய் தென்பட்டால் பெருமைப்படுங்கள். வலிமை என்று எழுதுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள்.