வட்டின் எழுத்தும் வட்டின் பெயரும்

உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் வட்டுகளின் வரிசை 'சி' என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். 'ஏ', 'பி' எங்கே போயின? 1981-இல் ஐபிஎம் தனிக் கணிப்பொறி வெளிவந்தபோது அவ்விரண்டும் ஃபிளாப்பிகளுக்கு உரியவை. பின்னர் வந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மூன்றாம் எழுத்தே கிடைத்தது. ஃபிளாப்பி மறைந்தும் அதன் இடம் காலியாகவே இருக்கிறது!

எழுத்து வேறு, பெயர் வேறு. விண்டோஸ் தரும் எழுத்து அந்தக் கணிப்பொறியின் பதிவேட்டில் இருக்கிறது, வட்டில் இல்லை. விடுதியில் மாணவனுக்குத் தரும் அறை எண்ணைப் போன்றது அது. இங்கே 'எஃப்' என்று தோன்றும் வெளிவட்டு, நண்பர் வீட்டில் 'இ' ஆகலாம். எழுத்தை மட்டும் நம்பி ஃபார்மட் செய்பவர் வேறொரு வட்டையே அழித்துவிடக்கூடும். நாம் சூட்டும் பெயரோ வட்டிலேயே எழுதப்படுகிறது. போகுமிடமெல்லாம் உடன் செல்லும். என்டிஎஃப்எஸ் முறையில் 32 குறிகளும், பழைய ஃபாட் முறையில் 11 குறிகளும் அதற்கு இடமுண்டு. பெயரை மாற்றினால் கோப்புகளுக்கு ஒன்றும் நேராது. எழுத்தை மாற்றினாலோ, பழைய முகவரியில் தேடும் நிரல்கள் திகைத்து நின்றுவிடும்.

'சி', 'டி' இரண்டும் தனித்தனி வட்டுகள் என்று பலர் எண்ணுகின்றனர். பல வீடுகளில் அவை ஒரே வட்டின் இரு பகுதிகள்தாம். குடும்பப் படங்களை 'சி'யிலிருந்து 'டி'க்குப் படியெடுத்து வைத்தால், வட்டு பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். 'டிஸ்க் 0' என்ற ஒரே பட்டையில் இரண்டும் தென்பட்டால், அந்தப் படி வேறொரு வட்டுக்குப் போகவேண்டும்.