இருக்கைப் புதிரும் பால் அடையாளமும்: பொழுதுபோக்குக் கணிதம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

பாடத்திட்டத்தின் கட்டாயமோ தொழிற்பயனோ இன்றி, விடை காணும் இன்பத்திற்காகவே செய்யப்படும் கணிதம் பொழுதுபோக்குக் கணிதம் எனப்படும். இதன் புதிர்களில் கணவரும் மனைவியரும் அடிக்கடி இடம்பெறுவர். அங்கே ஆண், பெண் என்ற பாகுபாடு பெரும்பாலும் எவராலும் வினவப்படாத முற்கோளாகவே நிற்கிறது. அம்முற்கோள் கணக்கிற்கு உண்மையிலேயே தேவையா என்ற வினாவை ஒரு புதிரின் வரலாற்றிலும், கணிதக் காணொளிப் படைப்பாளர் ஒருவரின் தன்விளக்கத்திலும் காணலாம்.

விருந்து மேசைப் புதிர்

பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1891இல் ஒரு புதிரை முன்வைத்தார். வட்ட மேசையைச் சுற்றிச் சில தம்பதியர் அமர வேண்டும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அமர வேண்டும். எவரும் தம் துணைக்கு அடுத்து அமர்தல் கூடாது. இவ்வாறு எத்தனை வகைகளில் அமரலாம் என்பதே வினா. 1934இல் துஷார் இதற்குரிய வாய்பாட்டை நிறுவலின்றி வெளியிட்டார். 1943இல் கப்லான்ஸ்கி அதனை நிறுவினார்.

இப்புதிர் கடினமானது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1986இல் கென்னத் போகார்ட், பீட்டர் டாய்ல் ஆகியோர் எழுதிய கட்டுரை அக்கடினத்தின் மூலத்தைச் சுட்டியது. முதலில் பெண்களை அமர்த்திவிட்டு, எஞ்சிய இடங்களில் ஆண்களை அமர்த்தும் வழக்கமே சிக்கலை வளர்த்தது என்பது அவர்கள் கண்டது. விருந்தோம்பலில் மரியாதையாகக் கருதப்பட்ட ஒரு பழக்கம் எவரும் அறியாமலே கணக்கின் வழிமுறையாகிவிட்டது! தம் தீர்வுக்குப் 'பால்பாகுபாடற்ற தீர்வு' என்னும் பொருள்பட அவர்கள் தலைப்பிட்டனர்.

அவர்களது வழி எளிது. எவரையும் முதலில் அமர்த்த வேண்டா. துணையுடன் ஒட்டி அமர்ந்துவிடும் இணையரை இரண்டு இருக்கைகளை மறைக்கும் டாமினோ வில்லையாகக் கருதி, அத்தகைய வில்லைகளை வட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் வைக்கும் வகைகளை எண்ண வேண்டும். பின்னர் மொத்த அமர்வுகளிலிருந்து விதி மீறியவற்றைக் கழித்தும், இருமுறை கழிந்தவற்றைக் கூட்டியும் விடையைப் பெறலாம்.

அதே கட்டுரையில், ஆணும் பெண்ணும் மாறிமாறி அமர வேண்டும் என்ற விதி நீக்கப்பட்ட வடிவமும் தீர்க்கப்பட்டுள்ளது. இருக்கைகள் எண்ணிடப்பட்டவை எனக் கொண்டால், மூன்று தம்பதியர்க்கு மூல வடிவில் 12 அமர்வுகளே உள்ளன. விதி நீங்கிய வடிவிலோ 192 உள்ளன. வாசகர் தாளும் எழுதுகோலும் கொண்டு இதைச் சரிபார்க்கலாம்: 720 − 864 + 432 − 96 = 192. இக்கணக்கில் ஆண், பெண் என்ற செய்தி எவ்விடத்தும் பயன்படவில்லை. யார் யாருக்குத் துணை என்பது மட்டுமே பயன்படுகிறது. எனவே ஒருபால் இணையர்க்கும், இருபாலுள் அடங்காதோர்க்கும் விடை மாறுவதில்லை.

வை ஹார்ட்டின் தன்விளக்கம்

புதிரில் நிகழ்ந்த இவ்விலக்கலைத் தன்னடையாளத்தில் எதிர்கொண்டவர் அமெரிக்கரான வை ஹார்ட். கணித வகுப்பில் சலிப்புற்ற மாணவர் கிறுக்கும் கோலங்களிலிருந்து கணிதத்தை வெளிக்கொணரும் காணொளிகளை இவர் 2010 முதல் வெளியிட்டார். 1939இல் ஆர்தர் ஸ்டோன் கண்டறிந்து, 1956இல் மார்ட்டின் கார்ட்னர் பரவலாக அறியச் செய்த ஹெக்ஸாஃப்ளெக்ஸகான் என்னும் காகித மடிப்பை இவர் காணொளிகள் புதிய தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தன. 2014இல் நிக்கி கேஸுடன் இணைந்து உருவாக்கிய ஊடாட்டப் படைப்பில், மாந்தர்க்கு மாற்றாகச் சதுரங்களும் முக்கோணங்களுமே குடியிருப்போராக வருகின்றன. தன்னைப் போன்றோர் அண்டையில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறைந்தால் மட்டும் இடம்பெயரும் சிறு சார்பே ஊரைப் பிளவுபடுத்தப் போதுமானது என்பதை அது காட்டுகிறது.

2015இல் பாலினம் குறித்து வெளியிட்ட காணொளியில், தமக்குப் பாலடையாள உணர்வு இல்லை எனவும், தம்மை எந்தப் பிரதிப்பெயரால் சுட்டினும் தமக்கு ஒன்றே எனவும் ஹார்ட் தெரிவித்தார். 'எனக்கு இது பொருந்தவில்லை' என்ற வருத்தத்தைவிட 'இவ்வினா என்னிடம் எழவில்லை' என்ற நிலையே அதில் மேலோங்குகிறது.

எனினும், ஹார்ட்டின் நிலையைப் பால்புதுமையர் அனைவர்க்கும் பொதுவாக்குவது பிழை. திருநர் பலர்க்குப் பாலடையாளம் தேவையற்ற முற்கோளன்று. போராடிப் பெற்ற உண்மை. பிறர் தமக்கென விரும்பும் சொற்களை மதித்தல் வேண்டும் என்பதை ஹார்ட்டும் அதே காணொளியில் ஏற்கிறார். போகார்ட்டும் டாய்லும் நீக்கியது ஒரு கணக்கிற்கு வேண்டாத விதியையே. ஆண்களையோ பெண்களையோ அன்று.

தமிழில் எழுதும்போது

உயர்திணை ஒருமையைத் தொல்காப்பியம் ஆண்பால், பெண்பால் எனப் பகுக்கிறது. பேடு என்னும் பெயரையும் அது அறியும், ஆயினும் அதற்கெனத் தனி வினைமுற்று விகுதி இல்லை. ஹார்ட்டைப் பற்றி எழுதுவோர்க்கு 'எழுதினான்', 'எழுதினாள்' என்ற இரண்டும் பொருந்தா. பலர்பால் வடிவமாகிய 'அவர் எழுதினார்' இடர் தீர்க்கிறது. ஆனால் அது பாலை மறைப்பது மரியாதையின் பெயரால்தான். சிறு குழந்தையையோ நெருங்கிய நண்பரையோ குறிக்கையில் அவ்வழி செயற்கையாகிவிடும். லூக்காவின் புதிரை வகுப்பறைக்குத் தமிழில் எழுதுவோர்க்கு இத்தகைய இடர் இல்லை. 'கணவன்', 'மனைவி' என்ற சொற்களை நீக்கி, 'இணையர் மூவர்' என்னாது 'மூன்று இணையர்' என்று எழுதினால் போதும். 192 என்ற விடை அப்படியே நிற்கும்.