ஒருவருக்காகப் பதினொரு பேர்!

2013-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி. இத்தாலி நாட்டில் பூஸ்டோ ஆர்சீட்சியோ என்ற ஊரில் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்து கொண்டிருந்தது. ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்ற ஏ.சி. மிலான் கோஷ்டி. எதிர்ப் பக்கம் அந்த ஊரின் சிறிய கோஷ்டியான புரோ பாட்ரியா. கோப்பைக்கான போட்டி அல்ல; சிநேக ஆட்டம்தான்.

மிலான் கோஷ்டியில் கெவின் பிரின்ஸ் போட்டெங் என்ற வீரர் ஆடினார். அவருடைய தந்தை ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டைச் சேர்ந்தவர். தாய் ஜெர்மானியப் பெண்மணி. போட்டெங்கின் காலுக்குப் பந்து வந்த போதெல்லாம், கூட்டத்தின் ஒரு பகுதியில் இருந்து குரங்கு கத்துவது போன்ற சத்தம் எழுந்தது. மற்ற கறுப்பு வீரர்கள் பந்தைத் தொட்டாலும் அதே சத்தம்.

ஆட்டத்தின் 26-வது நிமிடம். போட்டெங் பந்தைக் கையில் எடுத்தார். சத்தம் வந்த திசையைப் பார்த்து ஓங்கி உதைத்தார். சட்டையைக் கழற்றினார். மைதானத்தை விட்டு வெளியே நடந்தார்.

அவர் தனியாகப் போகவில்லை. அவருடைய கோஷ்டியில் இருந்த மற்ற பத்துப் பேரும் அவரோடு வெளியேறினார்கள். வெள்ளை வீரர்களும் போனார்கள். ஆட்டம் அதோடு நின்றது. கூட்டத்தில் இருந்த பலர் அவர்களுக்குக் கை தட்டினார்கள்.

"பொறுத்துக் கொள்!"

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைப் பார்த்தால் தெரியும்.

2006-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி. ஸ்பெயின் நாட்டில் சரகோசா நகரில் ஆட்டம். பார்சிலோனா கோஷ்டிக்காக ஆடிய சாமுவேல் ஏட்டூ காமரூன் நாட்டவர். அவரைப் பார்த்தும் குரங்குச் சத்தம் எழுப்பினார்கள். "இனி ஆட மாட்டேன்" என்று அவர் மைதானத்தை விட்டுக் கிளம்பி விட்டார். சக வீரர்கள் ஓடி வந்து தடுத்தார்கள். பயிற்சியாளரும் நடுவரும் சமாதானம் சொன்னார்கள். ஏட்டூ மனதை அடக்கிக் கொண்டு திரும்பவும் ஆடினார். பார்சிலோனா 2 கோல் போட்டு வென்றது.

சமாதானம் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் நடந்தது என்ன? வைதவர்கள் டிக்கெட் வாங்கிய இடத்தில் சுகமாக உட்கார்ந்திருந்தார்கள். வசவு வாங்கியவர்தான் பொறுத்துப் போக வேண்டி வந்தது. கால்பந்து உலகம் நெடுங்காலமாகக் காட்டிய வழி இதுதான்.

12 பேரை நீக்கச் சொன்னார்கள்

ஆனால் எல்லாரும் அந்த வழியில் போய்விடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சங்கம் "முடியாது" என்று சொல்லி இருக்கிறது.

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் வாஸ்கோ ட காமா என்று ஒரு கால்பந்து சங்கம் இருக்கிறது. 1923-ம் ஆண்டு நகரப் பட்டத்தை அது வென்றது. அந்தக் கோஷ்டியில் கறுப்பர்கள் இருந்தார்கள். கலப்பு இனத்தவர் இருந்தார்கள். உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் இருந்தார்கள். பணக்காரச் சங்கங்களுக்கு இது பொறுக்கவில்லை. அவை மறு ஆண்டே பிரிந்து போய்ப் புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கின. "உங்கள் ஆட்டக்காரர்களில் 12 பேரை நீக்கினால்தான் எங்களோடு சேரலாம்" என்று வாஸ்கோவுக்கு நிபந்தனை போட்டன.

நிறத்தைக் காரணமாகச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. சரியான தொழில் இல்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று குறை சொன்னார்கள்.

வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்டஸ் 1924 ஏப்ரல் 7-ந் தேதி பதில் கடிதம் எழுதினார். 12 பேரையும் கைவிட முடியாது. அதற்குப் பதிலாக உங்கள் அமைப்பில் சேராமலே இருந்து விடுகிறோம் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு அந்த அமைப்பு இறங்கி வந்தது. வாஸ்கோவைச் சேர்த்துக் கொண்டது.

வினீசியுஸின் கண்ணீர்

அதே ரியோவுக்குப் பக்கத்தில் உள்ள சாவ் கொன்சாலோ என்ற ஊரில் பிறந்தவர் வினீசியுஸ் ஜூனியர். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கோஷ்டிக்கு ஆடப் போனார். 2023 மே 21-ந் தேதி வாலென்சியா நகரில் ஆட்டம். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்து சிலர் அவரை நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். ஏசியவரை அவர் கை நீட்டிக் காட்டினார். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. பிறகு தொடர்ந்தது. கடைசி நேரத்தில் ஒரு கைகலப்பு. நடுவர் சிவப்பு அட்டை காட்டி வினீசியுஸை வெளியேற்றினார்!

அந்தச் சிவப்பு அட்டை பின்னர் ரத்து செய்யப்பட்டது. மறுநாள் இரவு ரியோ மலை மீது உள்ள பெரிய ஏசுநாதர் சிலையின் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து, பிரேசில் மக்கள் தங்கள் பிள்ளைக்கு ஆதரவு காட்டினார்கள்.

2024 மார்ச்சில் நிருபர்கள் முன்னிலையில் வினீசியுஸ் அழுது விட்டார். ஆடும் ஆசையே நாளுக்கு நாள் குறைகிறது என்றார். சிறு பிள்ளையில் இருந்து ஆடிய ஆட்டம் கசந்து போயிற்றே, இதை விடவா ஒரு நஷ்டம் வேண்டும்?

அதே ஆண்டு ஜூன் மாதம் வாலென்சியா ரசிகர்கள் 3 பேருக்குக் கோர்ட்டு 8 மாத சிறைத் தண்டனை விதித்தது. 2 ஆண்டு மைதானத்தில் கால் வைக்கத் தடையும் போட்டது. ஸ்பெயினில் கால்பந்து மைதானத்தில் நடந்த நிறவெறி ஏச்சுக்குக் கிடைத்த முதல் தண்டனை அது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை என்றால் அங்கே பெரும்பாலும் ஜெயிலுக்குப் போக வேண்டியது இல்லை. ஆனாலும் "விளையாட்டில் இதெல்லாம் சகஜம்" என்ற பேச்சுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு முற்றுப்புள்ளி.

மூன்று படிகள்

இப்போது சட்டம் இருக்கிறது. நிறவெறிக் கூச்சல் எழுந்தால் நடுவர் முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்யச் சொல்லலாம். அடங்காவிட்டால் வீரர்களை உள்ளே அனுப்பி ஆட்டத்தைச் சிறிது நேரம் தள்ளி வைக்கலாம். மூன்றாவதாக, ஆட்டத்தையே கைவிடலாம். 2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய உலகக் கால்பந்து சம்மேளனம் ஒரு சைகையையும் அறிவித்தது. ஏச்சுக்கு ஆளான வீரர் இரண்டு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்துக் காட்டினால் நடுவர் அதைக் கவனிக்க வேண்டும்.

"நாலு போக்கிரிகள் கத்தியதற்காக ஆயிரக் கணக்கானவர்களின் ஆட்டத்தைக் கெடுப்பதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்டத்தைக் கெடுத்தது யார்? கத்தியவர்களா, வெளியே நடந்தவரா? கூச்சலால் ஆட்டம் நின்றால், கத்தியவர்களின் கோஷ்டிக்கே தோல்வி என்று அறிவிக்க வேண்டும். உலகச் சம்மேளனத்தின் விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. தயங்காமல் அதைச் செய்தால், பக்கத்தில் இருப்பவர்களே போக்கிரியின் வாயை அடைப்பார்கள். தன் கோஷ்டி தோற்பதை எந்த ரசிகன் விரும்புவான்?

தேங்கிய தண்ணீர்

2013 மார்ச் 21-ந் தேதி போட்டெங் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்தில் பேசினார். நிறவெறியை அவர் மலேரியாவுக்கு ஒப்பிட்டார். மருந்து மட்டும் போதாது, கொசு வளரும் குட்டையையும் வற்ற வைக்க வேண்டும் என்றார்.

சிறைத் தண்டனையும் தடையும் மருந்து. குட்டை எது? தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறான் ஒரு சிறுவன். முன் வரிசையில் ஒருவன் குரங்கு போலக் கத்துகிறான். சிலர் சிரிக்கிறார்கள். சிறுவன் தகப்பனாரின் முகத்தைப் பார்க்கிறான். அவரும் சிரித்தால் பிள்ளை என்ன கற்றுக் கொள்ளும்? "நிறுத்தப்பா!" என்று அவர் ஒரு சொல் சொன்னால் என்ன கற்றுக் கொள்ளும்?

மிலான் வீரர்கள் அன்று செய்தது அதைத்தான். அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. தங்களில் ஒருவர் வெளியே நடந்தார்; கூடவே நடந்தார்கள்.