எள்ளுத் தாத்தாவைத் தேடுவோம்!

உங்கள் தாத்தாவின் பெயர் என்ன? சட்டென்று சொல்லி விடுவீர்கள்.

அவருடைய தகப்பனார் பெயர்? கொஞ்சம் யோசிப்பீர்கள்.

அவருக்கும் தகப்பனார், அதாவது உங்கள் எள்ளுத் தாத்தா? பெரும்பாலோர் கையை விரித்து விடுவார்கள்!

எள்ளுத் தாத்தாவின் மனைவி பெயரைக் கேட்டாலோ, வீடே மௌனமாகி விடும்.

இத்தனைக்கும் அவர்கள் ராஜராஜ சோழன் காலத்து மனிதர்கள் அல்ல. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்கள்தான்.

சின்ன காஞ்சிபுரத்தையே பாருங்கள். வரதராஜப் பெருமாள் கோவிலில் 300-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அரசர் பெயர் இருக்கிறது. நிலம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. ஆனால், பக்கத்துத் தெருவில் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்த ஒரு தாத்தாவின் பெயரை எங்கே தேடுவது?

தேடலாம். வழி இருக்கிறது!

மேலிருந்து இறங்க வேண்டாம்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று இருக்கிறது. வயது ஆயிரம் ஆண்டுக்கு மேல். காஞ்சியில் நெசவாளர்கள் வாழ்ந்த நான்கு சேரிகளைப் பற்றி அது சொல்கிறது. சேரி என்றால் அந்தக் காலத்தில் குடியிருப்பு என்று பொருள். கோவில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு அந்த நெசவாளர்களிடம் இருந்தது என்றும் தெரிகிறது.

படித்தால் பெருமையாகத்தான் இருக்கும். "அவர்கள்தான் எங்கள் முன்னோர்கள்" என்று சொல்லவும் ஆசை வரும். ஆனால் அந்தச் செப்பேட்டுக்கும் உங்கள் தாத்தாவுக்கும் நடுவில் முப்பது தலைமுறைகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை ஆசையால் நிரப்பக் கூடாது.

அரசனிடமிருந்து கீழே இறங்காதீர்கள். உங்களிடமிருந்து மேலே ஏறுங்கள். ஒரு படி உறுதியான பிறகு அடுத்த படி. இதுதான் முதல் விதி.

பெயருக்குள் ஒரு சாவி

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பு எழுத்துத்தான் உண்டு. அதுவே ஒரு துப்பு. காஞ்சியில் 1909-ல் பிறந்த அறிஞர் அண்ணாவின் 'சி.என்.' என்ற இரண்டு எழுத்துகளில் ஊரும் இருக்கிறது, தகப்பனாரும் இருக்கிறார். காஞ்சீவரம் நடராசன் அண்ணாதுரை!

இன்னொரு சாவி 'பேரன்' என்ற சொல். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைப்பது பல வீடுகளில் வழக்கம். ஏகாம்பரம் மகன் வரதன். வரதன் மகன் ஏகாம்பரம். அவன் மகன் மறுபடியும் வரதன்!

ஆகவே, உங்கள் தாத்தாவின் பெயரே அவருடைய தாத்தாவின் பெயராக இருக்கலாம். ஆனால் எச்சரிக்கை! ஒரே தெருவில் மூன்று வரதன்கள் இருப்பார்கள். தகப்பனார் பெயரும் மனைவி பெயரும் ஒத்துப் போனால்தான் அவர் உங்கள் வரதன்.

பாட்டியின் காலண்டர்

பாட்டியிடம் போய், "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "அப்போது ஊரில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

"அத்தி வரதர் வெளியே வந்தபோது உன் அப்பா கைக்குழந்தை" என்பார். குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் நாற்பது ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 2019-ல் வந்தார். அதற்கு முன் 1979. வயது தெரிந்து விட்டது அல்லவா?

"எம்டன் குண்டு போட்ட வருஷம் கல்யாணம்" என்றால் 1914. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது. "தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தார்கள்" என்றால் 1876. ஆனால் தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1936-ம் தாது, 1996-ம் தாது. எந்தத் தாது என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

தகரப் பெட்டியில் பத்திரம்

பாட்டி சொன்னதை உறுதி செய்யக் காகிதம் வேண்டும். பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்குங்கள்.

பழைய கிரயப் பத்திரத்தின் முதல் வரிகளைப் படியுங்கள். எந்த ஊர், என்ன தொழில், இன்னார் குமாரர் இன்னார் என்று எழுதியிருக்கும். சொத்து 'பிதுரார்ஜிதம்' என்று இருந்தால், தகப்பன் வழியில் வந்த சொத்து என்று அர்த்தம். அதற்கு முந்தைய பத்திரம் ஒன்று எங்கோ இருக்கக் கூடும்!

செக்குபந்தியையும் விடாதீர்கள். நான்கு பக்கமும் யார் வீடு என்று அதில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பல சமயம் பங்காளியாகவே இருப்பார்.

பத்திரம் தொலைந்து விட்டதா? சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். காஞ்சிபுரம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பழைய காகிதங்களில் 'செங்கல்பட்டு ஜில்லா' என்றுதான் இருக்கும். வேறு ஊர் என்று ஒதுக்கி விடாதீர்கள்.

வீட்டை அடமானம் வைத்த பத்திரமும் கிடைக்கலாம். அதில் வெட்கம் என்ன? கடன் வாங்கியாவது பிள்ளைகளைக் காப்பாற்றிய மனிதர் அவர்!

கப்பல் ஏறிப் போனவர்கள்

நிலம் இல்லாத ஏழைக்குப் பத்திரம் ஏது? வேலை தேடிக் கடல் கடந்த சிலருடைய பெயர் மட்டும் வேறொரு ஏட்டில் இருக்கிறது.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பெயர், வயது, தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன.

அந்தப் பட்டியலின் நகலை வைத்துக் கொண்டுதான் அவர்களுடைய வாரிசுகள் இன்று தமிழ்நாட்டில் ஊர் தேடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், நம் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் கண்டபடி எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் பல விதமாகப் படித்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

பெண்களின் பெயர் எங்கே?

ஆண்களையாவது கண்டுபிடித்து விடலாம். பெண்கள்?

1951-52-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது பல பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. "இன்னார் மனைவி", "இன்னார் தாயார்" என்றே சொன்னார்கள். பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது இது. ஆனால் பெண்ணின் பெயர் மறைந்து போவது நம் வீட்டிலும் உண்டு.

ஒரு பட்டுச் சேலைக்குப் பின்னால் பெண்களின் உழைப்பு எவ்வளவு! நூல் சுற்றியவர்கள் அவர்கள். பாவுக்குக் கை கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் வீட்டுப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருப்பது அபூர்வம்.

தர்ப்பணம் செய்யும் வழக்கமுள்ள வீடுகளில் அம்மா, பாட்டி, கொள்ளுப் பாட்டி பெயர்களையும் சொல்வார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, கோவில் உபயக் கல், பாத்திரத்தில் வெட்டிய பெயர் இவற்றிலும் பாருங்கள். மற்றபடி, அந்தப் பெயர்கள் இருக்கும் ஒரே இடம் பாட்டியின் நினைவுதான். பாட்டி போனால் அதுவும் போய் விடும்.

இன்றைக்கே செய்யுங்கள்

பத்திரம் நாளைக்கும் பெட்டியில் இருக்கும். கல்வெட்டு அடுத்த ஆண்டும் இருக்கும். பாட்டிக்கு வயதாகிறது. ஆகவே, அவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்தது, கேள்விப்பட்டது என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பிள்ளைகளையே எழுத விடுங்கள். அவர்களுக்கு அது நல்ல பாடம்!

போகிக்குப் பழைய காகிதங்களை எரிக்கும் முன், ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட்ட ஏடுகள் எத்தனையோ! போனவை திரும்பவில்லை.

சேலை நெய்தவர் அதில் தன் பெயரை நெய்வதில்லை. அந்தப் பெயரை நோட்டில் எழுதி வைப்பது பேரப் பிள்ளைகளின் வேலை!