பூனைக்குரிய ஈர உணவும் அதன் சத்து மதிப்பீடும்

வீட்டில் வளரும் பூனைக்குப் பாலும் சோறும் போதும் என்பது நெடுநாளாக நிலவிவரும் எண்ணமாகும். அவ்வாறு வளர்ந்த பூனை, தன் உணவிலுள்ள குறையைப் பெரும்பாலும் தானே தீர்த்துக்கொண்டது. எலி, பல்லி, சிறு பறவை முதலியவற்றை வேட்டையாடி உண்டது. நகரங்களின் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் அடைபட்டு வாழும் பூனைக்கோ அவ்வாய்ப்பு இல்லை. தட்டில் இடப்படுவதே அதன் முழு உணவாகும். ஆதலின், டப்பாக்களிலும் சிறு பைகளிலும் விற்கப்பெறும் ஈர உணவை மதிப்பிடும் முறையைக் கள அலுவலரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். இதற்கு வேண்டுவன சிறிதளவு கணக்கும், பூனையின் உடலியல்பு பற்றிய தெளிவுமே.

பூனையின் தனி இயல்பு

பூனை மாமிசத்தையே நம்பி வாழும் பிராணி. மனிதனும் நாயும் காரட், கீரை முதலியவற்றிலுள்ள பீட்டா காரோட்டினை உடலுக்குள் வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்கின்றன. பூனையால் அஃது இயலாது. ஈரல் போன்ற பிராணி உணவிலிருந்து வைட்டமின் ‘ஏ’ நேராகவே அதற்குக் கிடைத்தல் வேண்டும். நியாசின் என்னும் வைட்டமினையும், அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தையும் பூனை தன் தேவைக்குப் போதிய அளவில் உண்டாக்கிக்கொள்வதில்லை. ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் அறவே இல்லாத உணவை ஒரு வேளை உண்டாலும், சில மணி நேரத்திற்குள் இரத்தத்தில் அம்மோனியா மிகுந்து பூனை நோயுறும். ஆகவே நாய்க்கென ஆக்கப்பட்ட உணவு பூனைக்கு ஈடாகாது.

நீரைப் பொறுத்த அளவிலும் பூனை தனித்தன்மையுடையது. வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனையின் வழிவந்ததாகையால், இதற்குத் தாகவுணர்ச்சி குறைவு. ஈர உணவில் பெரும்பாலும் 75 முதல் 80 சதவீதம் வரை நீர் இருப்பதால், உணவோடு நீரும் உட்செல்கிறது. இதுவே ஈர உணவின் முதன்மையான நன்மை.

டாரீன் கற்பித்த பாடம்

டாரீன் என்பது கந்தகம் கலந்த ஓர் அமிலப் பொருள். 1827-இல் எருதின் பித்தநீரிலிருந்து முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டமையால், எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியே இப்பெயர் பெற்றது. மாமிசத்திலும் மீனிலும் இது உண்டு. தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் ஏறத்தாழ இல்லை. பூனை இதனைத் தன் உடலில் மிகச் சிறிதளவே உண்டாக்குகிறது. பித்தநீரின் வழியாகவோ இடையறாது இழந்துவருகிறது.

பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தை அடிப்படையாகக் கொண்ட உணவை உண்ட பூனைகளின் விழித்திரை சிதைவுற்றதென்றும், அதற்குக் காரணம் டாரீன் குறைவே என்றும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975-இல் வெளியிட்டனர். அப்பூனைகளுக்குப் புரதத்தின் அளவில் குறைவில்லை; வேண்டிய ஒரு பொருளே இல்லை. பின்னர் 1987-இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பயானும் அவருடைய சகாக்களும் மற்றோர் உண்மையைக் கண்டனர். போதிய டாரீன் உடையவை என்று கருதப்பட்ட கடை உணவுகளை உண்ட பூனைகள் பலவற்றின் இதயம் விரிந்து வலுவிழந்திருந்தது. டாரீன் கொடுத்தபின் பல பூனைகளின் இதயம் நலம் பெற்றது. ஆனால் விழித்திரை சிதைந்தபின் இழந்த பார்வை மீள்வதில்லை.

கணக்கின்படி போதியதாக இருந்த டாரீன் ஏன் போதவில்லை? டப்பாவில் அடைத்த உணவு கெடாதிருக்கும் பொருட்டு, மூடியபின் உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கப்படுகிறது. அவ்வெப்பத்தால் மாறுதலுற்ற உணவு குடலை அடையும்போது, டாரீனைச் சிதைக்கும் கிருமிகள் அங்குப் பெருகுகின்றன. ஆகவேதான் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம், உலர் உணவில் 0.1 சதவீதம் டாரீன் போதும் என்றும், டப்பா உணவில் குறைந்தது 0.2 சதவீதம் வேண்டும் என்றும் விதித்துள்ளது. இவ்விரு அளவுகளும் நீர் நீங்கிய எடையில் கணக்கிடப்படுவன.

நீரை நீக்கிக் கணக்கிடுதல்

உறையில் அச்சிட்ட சதவீதங்களை அப்படியே ஒப்பிடுவோர் தவறான முடிவுக்கு வருவர். சான்றாக, ஓர் உலர் உணவில் புரதம் 32, நீர் 10 சதவீதம் என்றும், ஓர் ஈர உணவில் புரதம் 10, நீர் 78 சதவீதம் என்றும் கொள்வோம். மேற்போக்காகப் பார்த்தால் உலர் உணவே சிறந்ததாகத் தோன்றும்.

உலர் உணவில் நீர் நீங்கிய பகுதி 90. எனவே 32-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 35.6 சதவீதம். ஈர உணவில் நீர் நீங்கிய பகுதி 22 மட்டுமே. 10-ஐ 22-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 45.5 சதவீதம். உண்மையில் புரதம் மிகுந்தது ஈர உணவே. மேற்கூறிய சங்கத்தின் விதிப்படி, இக்கணக்கில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதமும், குட்டிக்கும் சினைப் பூனைக்கும் 30 சதவீதமும் புரதம் வேண்டும்.

மாவுப்பொருளின் அளவைப் பெரும்பாலான உறைகள் குறிப்பிடுவதில்லை. அதனையும் கண்டறியலாம். நீர் 78, புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, சாம்பல் 2 எனில், கூடுதல் 96. எஞ்சிய 4 மாவுப்பொருளாகும். புரதத்துக்கும் மாவுப்பொருளுக்கும் கிராம் ஒன்றுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 கிலோ கலோரி எனக் கொண்டால், இவ்வுணவின் 100 கிராமில் 35, 14, 42.5 ஆக மொத்தம் 91.5 கிலோ கலோரி உண்டு. 85 கிராம் பை ஒன்றில் ஏறக்குறைய 78. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 கிலோ கலோரி தேவைப்படும். ஆகவே வேறு உணவு இல்லாவிடில் நாளொன்றுக்கு மூன்று பைகள் வேண்டும். வகுப்பில் சதவீதக் கணக்கைக் கற்பிக்க இஃது ஏற்ற பயிற்சியாகும். உறையில் காணும் எண்கள் குறைந்த அளவையோ மிகுந்த அளவையோ குறிப்பன. ஆதலால் விடை தோராயமானதே.

மூலப்பொருள் பட்டியல்

மூலப்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுவது பொது வழக்கம். பச்சை மாமிசத்தின் எடையில் பெரும்பகுதி நீரே என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். அரிசி, அரிசி மாவு, தவிடு என ஒரே தானியத்தைப் பல பெயர்களில் பிரித்து எழுதினால், அது பட்டியலில் கீழிறங்கிவிடும். முகப்பிலுள்ள பெயரையும் முழுதும் நம்புவதற்கில்லை. அமெரிக்க விதிப்படி, ‘கோழியுடன்’ எனப் பெயரிட்ட உணவில் 3 சதவீதம் கோழி இருந்தாலே போதும்.

ஈரல், நுரையீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைக் கழிவென்று ஒதுக்குதல் சரியன்று. அவை சத்து மிக்கவை. ஆயினும் ஈரலையே நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்துவந்தால், வைட்டமின் ‘ஏ’ அளவு மீறிக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும். குழம்பைத் தடிப்பாக்கும் குவார் பிசின், நம் நாட்டில், குறிப்பாக இராஜஸ்தானத்தில், விளையும் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படுவது. இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இது குழம்பின் பதத்திற்காகச் சேர்ப்பது.

எண் காட்டாத குறைகள்

ஆய்வுக்கூடத்தில் புரதம் நேராக அளக்கப்படுவதில்லை. டென்மார்க்கின் கெல்டால் 1883-இல் வகுத்த முறைப்படி, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவர். நைட்ரஜன் எதிலிருந்து வந்ததென்பதை இம்முறை காட்டாது. மெலமின் என்னும் ரசாயனப் பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனே. 2007-இல், மெலமின் கலந்த கோதுமைப் புரதம் சேர்ந்த உணவுகளை உண்டு வட அமெரிக்காவில் பல பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. அவ்வுணவுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எண் உயர்ந்திருந்தது, புரதம் உயரவில்லை.

கவனிக்க வேண்டுவன

உறையில் முதலில் தேட வேண்டியது, அது ‘முழுமையான உணவு’ எனக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதாகும். ‘துணை உணவு’ என்றோ ‘தின்பண்டம்’ என்றோ குறிக்கப்பட்டிருப்பின், அதனை மட்டுமே கொடுத்துப் பூனையை வளர்த்தலாகாது. குட்டிக்கு உரியதா, வளர்ந்த பூனைக்கு உரியதா என்பதையும் நோக்குக.

வீட்டில் சமைத்துக் கொடுப்போர் வெங்காயமும் பூண்டும் சேர்த்தலாகாது. அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மாமிசத்தை வேகவைத்து நீரைக் கொட்டினால், டாரீனும் நீரோடு போய்விடும். கெண்டை முதலிய சில மீன்களைப் பச்சையாக இடுதலும் தீது. அவற்றிலுள்ள ஒரு நொதி தயாமின் என்னும் வைட்டமினை அழித்துவிடும். அக்குறைவு முற்றிய பூனை தலையை மார்பை நோக்கித் தாழ்த்தித் தள்ளாடும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். திறந்த டப்பாவில் எஞ்சிய உணவை வெயிற்காலத்தில் வெளியே வைத்திருத்தல் கூடாது. குளிர்பெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்துக.

விலையும், முகப்பிலுள்ள படமும் சத்துக்கு அளவுகோலாகா. நீரை நீக்கிப் புரதத்தைக் கணக்கிட்டு, அப்புரதம் எப்பொருளிலிருந்து வந்ததென்பதைப் பட்டியலில் கண்டு, உணவு முழுமையானதா என்பதை உறுதி செய்துகொள்வோர் தவறு செய்வது அரிது. டாரீன் குறைந்த உணவை உண்ணும் பூனை பல மாதங்கள் நலமாகவே காணப்படும். குறை வெளிப்படும்போது கண்ணின் கேடு முற்றிவிட்டிருக்கும். ஆதலின் இக்கணக்கை உணவு வாங்கும்போதே செய்துவிடுதல் வேண்டும்.