மாயம் செய்த கைகள்

தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடி வருகிறது. தாம்பரத்தில் புறப்படும் வண்டி பல்லாவரம், கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம் ஆகிய நிலையங்களைக் கடந்து கோடம்பாக்கத்தை அடையும். இவ்வூரின் பெயர் தமிழ்த் திரைப்படத் தொழிலுக்கே மறுபெயராக வழங்குவது யாவரும் அறிந்ததே. இதற்கு மேற்கே, வடபழனியில், வாகினி என்னும் பெரிய படப்பிடிப்பு நிலையம் முன்னர் இருந்தது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்ற 'மாயாபஜார்' அங்கே உருவான படமாகும்.

மனிதரை மிஞ்சிய ஆற்றல் கொண்ட வீரன் ஒருவன், தீயோரை நகைப்புக்கு இடமாக்கி நல்லோரைக் காக்கும் படங்களை இன்று இளைஞர் விரும்பிக் காண்கின்றனர். அத்தகைய வீரன் நமக்குப் புதியவன் அல்லன். பீமனின் மகனாகிய கடோற்கசன், நினைத்த உருவம் எடுக்க வல்லவன். பலராமன் மகள் வத்சலை, அபிமன்யுவிடம் அன்பு கொண்டவள். பாண்டவர் நாடிழந்ததும் அவளைத் துரியோதனன் மகனுக்கு மணமுடிக்க ஏற்பாடாகிறது. கடோற்கசன் அவளை அபிமன்யுவிடம் சேர்த்துவிட்டு, தானே வத்சலையாக உருமாறிக் கௌரவரைத் திண்டாட வைக்கிறான். வியாசர் பாரதத்தில் காணப்படாத இக்கதையை மக்கள் வழிவழியாகப் போற்றி வந்தனர்.

விஜயா நிறுவனத்தின் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் இப்படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் தயாரித்தனர். கே.வி. ரெட்டி இயக்கினார். எஸ்.வி. ரங்கா ராவ் கடோற்கசனாகவும், சாவித்திரி வத்சலையாகவும் நடித்தனர். இலக்கண குமாரன் வேடத்தைத் தமிழில் தங்கவேலுவும், தெலுங்கில் ரேலங்கியும் ஏற்றனர்.

கடோற்கசன் தனியே அமர்ந்து கலியாண விருந்தை உண்ணும் காட்சியை யாரே மறப்பர்? பண்டங்கள் தாமே அவன் வாயைத் தேடிச் செல்கின்றன. கணிப்பொறி திரைத்தொழிலுக்கு வாராத அக்காலத்தில், மாயக் காட்சிகளைப் படக்கருவியைக் கொண்டே அமைத்தனர். அக்கருவி நொடிக்கு 24 படங்களை எடுக்கும். அதனை இடையில் நிறுத்தி, எதிரிலுள்ள பொருளை அகற்றிவிட்டு மீண்டும் ஓட்டினால், திரையில் அப்பொருள் கணத்தில் மறையும். சுருளைப் பின்னோக்கி ஓட்டினால், கீழே விழுந்தது மேலே எழும். சுருளின் ஒரு பகுதியை மறைத்து இருமுறை படம் பிடித்தால், மலைபோன்ற உருவமும் சிறிய மனிதரும் ஒரே காட்சியில் நிற்பர்.

சொல்வது எளிது; செய்வது அரிது. கருவி நின்றிருக்கும்போது நடிகர் இமையும் அசைக்கலாகாது. ஒரு விளக்கு சற்றே விலகினாலும் மாயம் கலைந்துவிடும். அப்பிழையும் உடனே புலப்படாது. சுருளைக் கழுவிப் பார்த்த பின்னரே தெரியவரும். அதன்பின் முழு வேலையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் புகழுக்கு அவருடைய கூரிய கண் மட்டுமின்றி, உடனிருந்தோரின் பொறுமையும் காரணமாகும். படகுக் காட்சியில் நாம் கண்டு மகிழும் நிலவொளி அவர் கைவண்ணமே.

கலை இயக்குநர்களான கோகலேயும் கலாதரும் துவாரகையை உருவாக்கினர். சிறு சிறு வீடுகளைக் கொண்ட அந்நகரம், திரையில் மாநகராய் விரிந்தது. அவ்வாறு அரங்கம் அமைக்கத் தச்சர், கொல்லர், வண்ணம் தீட்டுவோர் எனப் பலர் உழைக்க வேண்டும். உயரத்தில் நின்று விளக்கின் வெப்பத்தைத் தாங்குவோரும் வேண்டும். படத்தில் ஏறியவரைத் தள்ளும் கட்டிலும் தானே சுருளும் கம்பளமும் வருகின்றன. அவற்றைக் கண்டு நாம் நகைக்கும்போது, அவற்றைச் செய்த கைகளை நினைப்பதில்லை. திரையில் தோன்றும் பெயர்ப்பட்டியலில் அத்தொழிலாளர் பலருக்கும் இடம் கிடைப்பதில்லை.

ஆயினும் அவர்கள் உழைப்பு வீண்போகவில்லை. இப்படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றிய சிங்கீதம் சீனிவாசராவ், 1989ஆம் ஆண்டில் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தை இயக்கி, கமல்ஹாசனைக் குள்ள உருவில் காட்டி நாட்டையே வியக்க வைத்தார். வாகினியின் படப்பிடிப்பு அரங்குகள் இன்று இல்லை. ஆனால், கடோற்கசனின் விருந்தைக் கண்டு குழந்தைகள் இன்றும் சிரிக்கின்றனர். அச்சிரிப்பே, பெயர் அறியப்படாத அக்கைகளுக்கு நாடு வழங்கும் கூலி.