பாட்டில் பீரில் நுரை எப்படி வருகிறது?

வீட்டிலேயே பேல் ஏல் என்ற வகை பீர் தயாரிப்பதற்கான கிட்டில் இருப்பது, ஹாப்ஸ் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய மால்ட் பாகும் ஒரு பொட்டலம் ஈஸ்டும்தான். பாகை ஒரு வாளியில் வெந்நீரில் கரைத்து, தண்ணீர் சேர்த்து ஏறத்தாழ 23 லிட்டராக்கி, சூடு 20 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிய பிறகே ஈஸ்டைத் தூவ வேண்டும். கொதிக்கும்போது தூவினால் செத்துவிடும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். வாளி மூடியிலுள்ள ஏர்லாக் என்ற ஒருவழித் திறப்பின் வழியே வாயு குமிழ் குமிழாக வெளியேறிவிடுவதால் வாளியிலுள்ள பீரில் நுரை தங்காது. அதனால்தான் பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். இம்முறை வாயு தப்ப வழியில்லை. பீரிலேயே கரைந்து, மூடியைத் திறந்ததும் பொங்குகிறது.

எப்போது பாட்டிலில் அடைப்பது என்பதற்கு, கிட்டின் குறிப்புத்தாளிலுள்ள நாள் கணக்கையோ குமிழ் நின்றதையோ மட்டும் நம்புவது ஆபத்து. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்ட வேண்டும். இல்லையேல் மிச்சச் சர்க்கரையும் உள்ளே நொதித்து, பாட்டிலே வெடிக்கலாம்.